பைருவேட் டிஹைட்ரஜனேஸ்: லாக்டேட் எகிறிய கைக்குழந்தைக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஓடலாமா?

கலை_உயிர்வேதி

முதுநிலை வகுப்பில் விவாதத்துக்குக் கொடுத்த கணக்கு இது. நிஜ நோயாளி இல்லை, எண்கள் மட்டும்.

மூன்று மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும். இரண்டு நாளாக வாந்தி, வேகமான மூச்சு, சோர்வு. ரத்த லாக்டேட் 108 மி.கி./டெ.லி., பைருவேட் 7 மி.கி./டெ.லி., குளுக்கோஸ் 96, அம்மோனியா இயல்பு, சிறுநீரில் கீட்டோன் இல்லை. பிளாஸ்மா அமினோ அமிலத்தில் அலனின் மட்டும் ஏறியிருக்கிறது. கேள்வி: எந்த நொதி? 10% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஓடலாமா, கூடாதா?

வகுப்பில் பாதிப் பேர் "பிடிஎச் (பைருவேட் டிஹைட்ரஜனேஸ்) குறைபாடு, டெக்ஸ்ட்ரோஸ் கூடவே கூடாது" என்றார்கள். மீதிப் பேர் "நோய் தெரியாத குழந்தைக்குச் சர்க்கரையை நிறுத்துவதுதான் ஆபத்து" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது. விவரமாகச் சொல்ல முடியுமா?

சின்னமருத்துவம்

டெக்ஸ்ட்ரோஸுக்கு அப்புறம் வரலாம். முதலில் தயமின் (வைட்டமின் பி1). மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும், லாக்டேட் 12 மி.மோல் (உங்கள் 108 மி.கி.தான்): இந்த மூன்றும் சேர்ந்தால் 50 முதல் 100 மி.கி. தயமினை நரம்பு வழியே மெதுவாக ஏற்றிவிட்டுத்தான் மற்ற யோசனை. தயமின் அளவு பார்க்க இடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்து, வெளிச்சம் படாமல் சுற்றி உறைய வைத்துவிடலாம். ஆனால் அதன் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

காரணம் எளிது. பிடிஎச் மரபிலேயே பழுதாக இருந்தாலும், நொதி நன்றாக இருந்து அது வேலை செய்யத் தேவையான தயமின் மட்டும் இல்லாமல் போனாலும் ரத்தத்தில் தெரியும் படம் ஒன்றேதான். இரண்டிலும் பைருவேட் தேங்கும், லாக்டேட் ஏறும், அலனின் ஏறும். முதலாவது அபூர்வம், ஆயுள் முழுக்கக் கூட வருவது. இரண்டாவது ஓர் ஊசியில் சில மணி நேரத்தில் திரும்பக்கூடியது. கைக்குழந்தை பெரிபெரி, அதாவது தயமின் இல்லாமையால் வரும் நோய், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் வரும். குரல் கம்மிப்போன அழுகை, வீங்கிய கல்லீரல், எக்கோவில் வலது இதயம் பெருத்து நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியிருப்பது, இவையெல்லாம் தேடிப் பார்க்க வேண்டியவை. ஊசி போட்ட சில மணி நேரத்தில் லாக்டேட் இறங்கி, இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் நிதானத்துக்கு வந்தால் அதுவே நோய் கணிப்பு.

டெக்ஸ்ட்ரோஸ் பற்றி: இரண்டு பக்கமும் பாதி சரி. விளக்கம் நீளும், இரவு எழுதுகிறேன்.

மாவடு

அதற்குள் நொதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் மனப்பாடமாகத்தான் நிற்கும்.

பிடிஎச் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது ஒற்றை நொதி இல்லை. இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியாவின்) உள்கூழில் மிதக்கும் பெரிய கூட்டு. பாலூட்டிகளில் சுமார் 9.5 மெகாடால்ட்டன், ரைபோசோமைவிடப் பெரியது. மூன்று வினையூக்கிப் பகுதிகள். இ1 பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றும். இதற்கு தயமின் பைரோபாஸ்பேட்டும் மக்னீசியமும் வேண்டும். இ2, மிச்சமிருக்கும் இரண்டு கார்பன் துண்டை லிப்போயிக் அமிலக் கையில் வாங்கி கோஏ (கோஎன்சைம் ஏ) மேல் ஏற்றும். இ3, அந்தக் கையை எஃப்ஏடி மூலம் மறுபடி ஆக்சிஜனேற்றி, எலக்ட்ரான்களை, அவற்றைச் சுமந்து செல்லும் என்ஏடியிடம் தரும். இ2வையும் இ3யையும் கட்டி வைக்க இ3 பிணைப்புப் புரதம் என்று ஒன்று உண்டு, அதன் மரபணு பிடிஎச்எக்ஸ்.

கிடைப்பது அசிட்டைல் கோஏ, ஒரு என்ஏடிஎச் (எலக்ட்ரான் ஏறிய என்ஏடி), ஒரு கார்பன் டை ஆக்சைடு. இந்த வினை திரும்பி நடக்காது. மனித உடல் கொழுப்பு அமிலத்திலிருந்து குளுக்கோஸ் செய்ய முடியாததற்கு இதுதான் காரணம்: அசிட்டைல் கோஏ ஆனபின் பைருவேட்டுக்குத் திரும்ப வழியே கிடையாது. அதனால் உடல் இந்த மதகைச் சும்மா திறந்து போடுவதில்லை. பட்டினியில் மூடுகிறது, சாப்பிட்டபின் திறக்கிறது.

மூடுவது பிடிகே எனும் கைனேஸ்கள், 1 முதல் 4 வரை. இ1 ஆல்பாவின் மூன்று செரின்களில் பாஸ்பேட் ஏற்றினால் நொதி அணைந்துவிடும். 293ஆம் செரின் ஒன்றே போதும். திறப்பது பிடிபி பாஸ்பட்டேஸ்கள், இரண்டு வகை. பிடிபி1ஐக் கால்சியம் தூண்டும், அதனால்தான் தசை சுருங்கும்போது எரிபொருள் வழியும் சேர்ந்து திறக்கிறது. அசிட்டைல் கோஏயும் என்ஏடிஎச்சும் குவிந்தால் பிடிகே சுறுசுறுப்பாகும். பைருவேட்டும் ஏடிபியும் (ADP, ATP இல்லை) அதை அடக்கும். இந்தப் பாஸ்பேட் ஏற்றத்தை 1969இல் லெஸ்டர் ரீடின் ஆய்வகம் காட்டியது. லிப்போயிக் அமிலத்தை 1951இல் பிரித்தெடுத்ததிலும் அவர் பங்கு பெரியது. டன் கணக்கில் ஈரல் கழிவைக் கரைத்து மில்லிகிராம் கணக்கில் எடுத்தார்கள்.

இ3 பற்றி ஒன்று மறந்துவிடக் கூடாது. அதே புரதம் ஆல்பா கீட்டோகுளுட்டரேட் டிஹைட்ரஜனேஸிலும், கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் கூட்டிலும் வேலை செய்கிறது. ஆகவே டிஎல்டி மரபணு பழுதானால் லாக்டேட்டோடு லியூசின், ஐசோலியூசின், வேலின், அலோஐசோலியூசின், சிறுநீரில் கீட்டோகுளுட்டரேட் எல்லாம் ஏறலாம். கலை கொடுத்த கணக்கில் அலனின் மட்டும்தான். எனவே இ3ஐ இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். அடித்துச் சொல்ல முடியாது. இ3 குறைபாட்டில் நெருக்கடி இல்லாத நாட்களில் அமினோ அமிலங்கள் இயல்பாகவே காட்டக்கூடும்.

சோதனைக்குழாய்

எல்லாரும் 108 என்ற எண்ணை அப்படியே நம்பிவிட்டீர்கள். அந்த ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது?

குழந்தைகளின் "உயர்ந்த லாக்டேட்"டில் கணிசமானவை கையை இறுக்கிக் கட்டியதாலும் குழந்தை வீறிட்டுத் திமிறியதாலும் வருபவை. கட்டு போடாமல், ரத்தம் தானாக வழிய எடுக்க வேண்டும். குதிகாலைப் பிதுக்கி எடுத்த ரத்தத்தில் லாக்டேட் பார்ப்பது வீண். சாம்பல் மூடி ஃபுளோரைடு ஆக்சலேட் குழாய், உடனே பனிக்கட்டியில், 15 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். ஃபுளோரைடு போட்டாயிற்றே என்று மேசையில் வைத்துவிடுவது பெரிய தவறு. ஃபுளோரைடு ஈனோலேஸைத் தடுக்கும், ஆனால் தடுப்பு முழுமையாகச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் சிவப்பணுக்கள் லாக்டேட்டைச் செய்துகொண்டே இருக்கும்.

பைருவேட் இன்னும் மோசம். சாதாரணக் குழாயில் சில நிமிடத்திலேயே இறங்கத் தொடங்கும். முன்கூட்டியே குளிரவைத்த 8% பெர்குளோரிக் அமிலம் 2 மி.லி. உள்ள குழாயில் 1 மி.லி. ரத்தத்தைப் படுக்கையருகிலேயே துல்லியமாக அளந்து ஊற்றிக் கலக்க வேண்டும். அளவு பிசகினால் நீர்ப்புக் கணக்கு பிசகும். அமிலக் குழாய் இல்லாமல் அனுப்பிய பைருவேட் குறைவாகக் காட்டும், லாக்டேட்டுக்கும் பைருவேட்டுக்குமான விகிதம் பொய்யாக ஏறும், பிடிஎச் நோய் சுவாசச் சங்கிலி (இழைமணியில் என்ஏடிஎச்சைச் செலவழிக்கும் நொதி வரிசை) நோய் மாதிரி தெரியும்.

அலகையும் கவனியுங்கள். லாக்டேட்டை 9ஆல் வகுத்தால் மி.மோல்: 108 என்றால் 12. பைருவேட்டை 8.8ஆல் வகுக்க வேண்டும்: 7 என்றால் 0.8. விகிதம் 15. ஒரு ஆய்வகம் லாக்டேட்டை மி.மோலிலும் இன்னொன்று பைருவேட்டை மி.கி.யிலும் தந்து, இரண்டையும் அப்படியே வகுத்து விகிதம் 1.7 என்று எழுதிய அறிக்கைகள் உலவுகின்றன.

இதில் அலனின் ஒரு நல்ல சாட்சி. ஒரு நிமிட அழுகைக்கெல்லாம் அலனின் ஏறாது. அலனினும் கூடியிருந்தால் பைருவேட் பல மணி நேரமாகவே தேங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இளம்பரிதி

விகிதம் 15 என்றால் பிடிஎச் என்று சொல்லிவிடலாமா? பாடநூலில் 20க்குக் கீழே பிடிஎச், 25க்கு மேலே சுவாசச் சங்கிலி என்று போட்டிருக்கிறது.

மாவடு

விகிதம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். லாக்டேட்டும் பைருவேட்டும் சைட்டோசாலில் (இழைமணிக்கு வெளியே உள்ள செல் திரவத்தில்) எல்டிஎச் எனும் நொதி மூலம் சமநிலையில் இருப்பவை. அவற்றின் விகிதம் அங்குள்ள என்ஏடிஎச், என்ஏடி விகிதத்தின் நிழல். சுவாசச் சங்கிலி அடைத்தால் என்ஏடிஎச் செலவாகாமல் தேங்கும், சமநிலை லாக்டேட் பக்கம் சாயும். பிடிஎச் அடைத்தால் என்ஏடிஎச் தேங்கக் காரணமில்லை. பைருவேட், லாக்டேட் இரண்டும் சேர்ந்து ஏறும், விகிதம் மாறாது. ஆக 15 என்பது "சங்கிலி ஓரளவு ஓடுகிறது, அடைப்பு பைருவேட்டைச் சுற்றித்தான்" என்று மட்டும் சொல்கிறது. பிடிஎச்சா, தயமின் இல்லையா, பைருவேட் கார்பாக்ஸிலேஸின் ஏ வகைக் குறைபாடா என்று பிரித்துக் காட்டாது. லாக்டேட் 2.5 மி.மோலுக்குக் கீழே இருந்தால் விகிதத்தைப் பார்க்கவே வேண்டாம்.

சின்னமருத்துவம்

டெக்ஸ்ட்ரோஸுக்கு வருகிறேன்.

பைருவேட்டுக்கு இழைமணியில் இரண்டு பாதை. பிடிஎச் வழியே அசிட்டைல் கோஏ ஆகலாம். பைருவேட் கார்பாக்ஸிலேஸ் வழியே ஆக்சலோஅசிட்டேட் ஆகலாம். இரண்டு நொதிக் குறைபாட்டிலும் லாக்டேட் ஏறும், ஆனால் வைத்தியம் நேரெதிர். பிடிஎச் இல்லாதவருக்கு மாவுச்சத்து விஷம் மாதிரி, கொழுப்புதான் எரிபொருள். கார்பாக்ஸிலேஸ் இல்லாதவருக்குக் கீட்டோ உணவு (கொழுப்பு மிகுந்து மாவு குறைந்தது) கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அவருக்குக் குளுக்கோஸ் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சலோஅசிட்டேட் இல்லாமல் அசிட்டைல் கோஏயை மட்டும் கொட்டினால் சிட்ரிக் அமிலச் சுழற்சி அதை வாங்காது, கீட்டோன்களாகக் குவியும். குளுக்கோஸைப் புதிதாகச் செய்யவும் வழி இருக்காது.

பிரித்தறிய எந்நேரம் எடுத்த ரத்தம் என்று பாருங்கள். பிடிஎச் குறைபாட்டில் சாப்பிட்டபின் லாக்டேட் ஏறும், வயிறு காலியாக இருந்தால் இறங்கும், தாழ்சர்க்கரை வருவதில்லை. கார்பாக்ஸிலேஸ் குறைபாட்டிலும் கிளைக்கோஜன் முதல் வகை, ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ் குறைபாடுகளிலும் பட்டினியில் லாக்டேட் ஏறி, சர்க்கரை விழும். கார்பாக்ஸிலேஸ் பி வகையில் அம்மோனியா, சிட்ருலின், லைசின் ஏறும், விகிதமும் ஏறும். கலையின் கணக்கில் சர்க்கரை 96, அம்மோனியா இயல்பு, கீட்டோன் இல்லை. தராசு பிடிஎச் அல்லது தயமின் பக்கம் சாய்கிறது.

இருந்தாலும், பெயர் தெரியாத நோயோடு வந்த குழந்தைக்கு எடுத்த எடுப்பில் சர்க்கரையை நிறுத்துவதை ஏற்க முடியாது. வாந்தியும் அமிலத்தன்மையுமாக வரும் குழந்தைகளில் கரிம அமில நோய்களும் கொழுப்பு அமில ஆக்சிஜனேற்றக் குறைபாடுகளும் பிடிஎச்சைவிட அதிகம். அவற்றில் டெக்ஸ்ட்ரோஸ்தான் உயிர் காக்கும். கிலோவுக்கு நாளுக்கு 100 மி.லி. வீதம் 10% டெக்ஸ்ட்ரோஸ் ஓடினால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 6.9 மி.கி. குளுக்கோஸ் போகும். தயமின் கொடுத்துவிட்டு இதைத் தொடங்குங்கள், ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் லாக்டேட்டைப் பாருங்கள். இறங்கினால் தொடரலாம். 12 இருந்தது 15, 17 என்று போனால் 5% ஆகக் குறைத்து, அதாவது நிமிடத்துக்கு 3.5 மி.கி., மிச்சக் கலோரியை லிப்பிட் எமல்ஷனில் கொடுக்க வேண்டும்; அதற்கு முன் கொழுப்பு ஆக்சிஜனேற்றக் குறைபாடு இல்லை என்று அசைல்கார்னிட்டின் ரத்தச் சோதனை முடிவு வந்திருக்க வேண்டும். சுத்தமாக நிறுத்துவது பிடிஎச்சிலும் கிடையாது. லாக்டேட் கலந்த ரிங்கர் லாக்டேட் கரைசல் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

தயமினை முந்திக்கொண்டு டெக்ஸ்ட்ரோஸ் போனால்? குளுக்கோஸ் கிளைக்கோலிசிஸில் இறங்கும், பைருவேட் வாசலில் தேங்கும், லாக்டேட் இன்னும் ஏறும், மிச்சமிருந்த தயமினும் தீரும். பட்டினி கிடந்த பெரியவர்களில் இதே வரிசைப் பிசகால்தான் வெர்னிக்கே மூளை நோய் வெடிக்கிறது. 1997இல் அமெரிக்காவில் பல்வைட்டமின் ஊசித் தட்டுப்பாட்டின்போது, நரம்பு வழி உணவு மட்டுமே போய்க்கொண்டிருந்தவர்களுக்குத் தயமின் இல்லாமல் கடும் லாக்டிக் அமிலத்தன்மை வந்தது. பைகார்பனேட் எவ்வளவு கொடுத்தும் அசையாத அமிலத்தன்மை, தயமினில் அடங்கியது.

நெல்லுமணி

பெரிபெரி பேச்சு வந்துவிட்டதால் அரிசியைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்த ஆராய்ச்சியின் ஒரு முக்கியக் கிளை நீலகிரியில் நடந்தது. ராபர்ட் மெக்கரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஐதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மெக்கரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு காலத்தில், சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி ஏன் இருந்தது, தமிழ் மாவட்டங்களில் ஏன் அரிதாக இருந்தது என்று ஆராய்ந்தார்கள். அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் படலத்திலும் முளையிலும் உள்ள தயமின் தண்ணீரோடு மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு மிஞ்சும். தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 0.05 முதல் 0.07 மி.கி.; புழுங்கலில் 0.2 சுமார். பெரியவருக்கு நாளுக்குத் தேவை 1.2 சுமார். நாளெல்லாம் 400 கிராம் பச்சரிசி சாப்பிட்டால் கால் மில்லிகிராம்தான் ஏறும். அதையும் மூன்று தடவை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் குறையும். பருப்பு வேக ஆப்பசோடா போடுவதும் தயமினைக் கெடுக்கும், காரத்தில் அது நிற்காது.

உடலில் இருப்பே 25 முதல் 30 மி.கி.தான், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பிரசவப் பத்தியம் என்று பருப்பு, கீரை, கறி எல்லாவற்றையும் நிறுத்தி, தீட்டிய அரிசிச் சோறும் மிளகு ரசமுமாக ஓட்டும் தாய்க்குப் பாலில் தயமின் குறையும், தாய் நலமாக இருக்கும்போதே குழந்தை விழும். காஷ்மீரிலிருந்தும் கர்நாடகக் கடற்கரையிலிருந்தும் இப்படிப்பட்ட குழந்தைகள் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். புழுங்கல் சாப்பிடும் ஊர் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ரேஷனில் எது, கடையில் எது, வீட்டில் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரபுக்குறி

தயமின் கொடுத்தும் லாக்டேட் அசையவில்லை என்றால் மரபுப் பக்கம் வரலாம்.

பிடிஎச் குறைபாட்டில் பெரும்பங்கு எக்ஸ் நிறப்புரியில் உள்ள பிடிஎச்ஏ1 மரபணு, அதாவது இ1 ஆல்பா. எக்ஸ் சார்ந்தது என்றதும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிடையாது. பெண் குழந்தைகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பாதிக்கப்படுகிறார்கள். ஆண்களில் நொதியை முழுதாக அழிக்கும் மாற்றங்கள் கருவிலேயே தங்காது. ஆகவே பிறக்கும் ஆண்களில் பெரும்பாலும் ஓர் அமினோ அமிலம் மாறிய வகை, பெண்களில் துண்டிக்கும் வகை. பெரும்பாலானவை புதிதாகத் தோன்றியவை, தாயிடம் இருக்காது. தாயைக் குறை சொல்லும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பெண் குழந்தைகளில் ஒரு பொறி உண்டு. எந்த எக்ஸ் அணைந்திருக்கிறது என்பது திசுவுக்குத் திசு வேறுபடும். தோல் செல்களில் நல்ல எக்ஸ் விழித்திருந்தால் நொதி அளவு இயல்பாக வரும், மூளை மட்டும் பட்டினியில் இருக்கும். ரத்த லாக்டேட்டும் சும்மா இருக்கலாம், தண்டுவட நீரில் மட்டும் ஏறியிருக்கலாம். பெண் குழந்தை, எம்ஆர்ஐயில் கார்ப்பஸ் கலோசம் (மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நார்க்கட்டு) இல்லை அல்லது மெலிந்திருக்கிறது, மூளை அறைகள் பெருத்திருக்கின்றன என்றால், தோல் செல் நொதி இயல்பு என்ற ஒரே காரணத்துக்காகக் கோப்பை மூடக் கூடாது.

என் கருத்து: முதலில் எக்ஸோம் (மரபணுக்களின் புரதக் குறிப்புப் பகுதிகளைப் படிக்கும் சோதனை), அர்த்தம் தெளிவில்லாத மாற்றம் வந்தால் நொதிச் சோதனை. கிளைசினும் ஏறியிருந்தால் லிப்போயிக் அமிலத்தைச் செய்யும் மரபணுக்களைப் பாருங்கள்: எல்ஐஏஎஸ், என்எஃப்யு1, போலா3, ஜிஎல்ஆர்எக்ஸ்5. கிளைசினை உடைக்கும் கூட்டுக்கும் அதே லிப்போயிக் கைதான் வேண்டும்.

சோதனைக்குழாய்

எக்ஸோம் முதலில் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெரிய நீக்கங்களையும் இன்ட்ரான் உள்ளே ஆழத்தில் இருக்கும் மாற்றங்களையும் எக்ஸோம் தவறவிடும். நொதி அளவு தாழ்வு என்று கையில் இருந்தால்தான் அந்த மரபணுவில் விடாமல் தேடுவீர்கள். தோல் மாதிரியாவது அதே வாரத்தில் எடுத்து வளர்த்து வைத்துவிட வேண்டும்.

ஆனால் நொதிச் சோதனையும் கைப்பழக்கம் கேட்கும். கலை, உங்கள் வகுப்பில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் செய்யப் பார்ப்பீர்கள், ஆகவே சொல்கிறேன். 340 நானோமீட்டரில் என்ஏடிஎச் கூடுவதைப் பார்ப்பதுதான் தத்துவம்; மில்லிமோலார் உறிஞ்சு எண் 6.22. கலவையில் பைருவேட், என்ஏடி, கோஏ, தயமின் பைரோபாஸ்பேட், மக்னீசியம், டிடிடி. இதை அரைத்த திசுவில் அப்படியே செய்தால் கோடு ஏறாது, சில சமயம் இறங்கும்! திசுச் சாற்றில் எல்டிஎச் கொட்டிக்கிடக்கும். நீங்கள் ஊற்றிய பைருவேட்டை எடுத்துக்கொண்டு, பிடிஎச் அப்போதுதான் செய்த என்ஏடிஎச்சைத் தின்றுவிடும். சுவாசச் சங்கிலியின் காம்ப்ளெக்ஸ் 1ம் தன் பங்குக்கு எடுக்கும். எனவே இழைமணிகளைப் பிரித்துக் கழுவ வேண்டும், ரோட்டினோன் சேர்க்க வேண்டும், எல்டிஎச்சுக்கு ஆக்சமேட் போடலாம். நோயாளி மாதிரிக்கு இதையெல்லாம் நம்பாமல், முதல் கார்பனில் கார்பன்14 உள்ள பைருவேட்டைக் கொடுத்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து எண்ணுவதுதான் வழக்கம்.

இன்னொரு சிக்கல் பாஸ்பேட் நிலை. செல்லை உடைக்கும்போது நொதி பாதி அணைந்த நிலையில் இருந்தால் குறைபாடு இல்லாமலே குறைவாகத் தெரியும். அதனால் ஒரு பங்கை டைகுளோரோஅசிட்டேட்டில் ஊறவைத்து முழுக்கத் திறந்துவிட்டு அளப்பார்கள், இன்னொரு பங்கில் சோடியம் ஃபுளோரைடு போட்டு பாஸ்பட்டேஸை முடக்கி அளப்பார்கள். ஃபுளோரைடு பிடிபியை நிறுத்தும் என்பதால், லாக்டேட்டுக்கு எடுத்த சாம்பல் மூடி ரத்தத்தை நொதிச் சோதனைக்கு அனுப்பக் கூடாது, ஹெப்பரின் குழாய்தான்.

இளம்பரிதி

டைகுளோரோஅசிட்டேட்டையே மருந்தாகக் கொடுக்கலாமே? புற்றுநோய்க்குக்கூட அதை இணையத்தில் வாங்கிக் குடிக்கிறார்களே.

மாவடு

குடிக்கிறார்கள், கால் மரத்துப்போய்ப் படுக்கிறார்கள்.

அது பிடிகேயைத் தடுக்கிறது, அதனால் பிடிஎச் திறக்கிறது, லாக்டேட் இறங்குகிறது. அதுவரை உண்மை. புற்றுநோய் செல்களில் பலவற்றில் எச்ஐஎஃப்1 எனும் புரதம் பிடிகே1ஐக் கூட்டி பிடிஎச்சை மூடிவைக்கிறது என்று 2006இல் காட்டினார்கள். 2007இல் கனடாவில் எலிகளில் கட்டி சுருங்கியதும் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. மனிதரில் அந்த அளவுக்கு ஆதாரம் வரவில்லை. மெலாஸ் எனும் இழைமணி நோய் உள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 25 மி.கி. கொடுத்த சோதனையை, புற நரம்புகள் கெட்டதால் இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2006இல் வெளியானது. தன்னைச் சிதைக்கும் நொதியான ஜிஎஸ்டிஇசட்1ஐ அந்த மருந்தே அழித்துவிடுகிறது. முதல் வேளைக்குச் சீக்கிரம் வெளியேறும், தொடர்ந்து கொடுத்தால் உடலிலேயே தங்கும். அந்த மரபணுவின் வகையைப் பார்த்து அளவு குறிப்பதுதான் இப்போதைய அணுகுமுறை, அதுவும் ஆராய்ச்சிக் கண்காணிப்பில். இ1 புரதமே உருவாகாதவருக்கு பிடிகேயைத் தடுத்து என்ன பயன்? திறக்க ஒன்றும் இல்லை.

நீரிழிவில் பிடிகே4 ஏறி பிடிஎச் மூடியே கிடப்பதும் இதே கதையின் கிளை. கொழுப்பு அதிகம் எரிந்தால் குளுக்கோஸ் எரியாது என்று ராண்டில் 1963இல் சொன்னது இந்த நொதியில்தான் வந்து நிற்கிறது.

கல்லீரல்பக்கம்

குறுக்கே ஒரு செய்தி, பெரியவர்களில் இ2 வேறொரு முகம் காட்டும். முதன்மைப் பித்தக்குழாய் அழற்சியில் வரும் இழைமணி எதிர்ப்பொருள் குறிவைப்பது பிடிஎச்சின் இ2வைத்தான், அதிலும் லிப்போயிக் அமிலம் ஒட்டிய பகுதியை. நோயாளிகளில் சுமார் 95% பேருக்கு இது இருக்கும். நடுவயதுப் பெண், தீராத அரிப்பு, அல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்வு, எதிர்ப்பொருள் 1:40 அல்லது மேல் என்றால் பெரும்பாலும் பயாப்சி இல்லாமலே முடிவு சொல்லலாம். அளவு ஏறினால் நோய் முற்றியது என்று பொருள் இல்லை, ஆகவே ஆறு மாதத்துக்கொரு முறை அதையே திரும்பத் திரும்பச் சோதித்துக் காசைக் கரைக்க வேண்டாம். உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் கிலோவுக்கு 13 முதல் 15 மி.கி.; குறைத்துக் கொடுப்பதுதான் பொதுவான பிழை. இவர்களுக்கு பிடிஎச் வேலை நின்று லாக்டேட் ஏறுவதில்லை.

தட்டும்தராசும்

பிடிஎச் உறுதியானபின் வரும் கீட்டோ உணவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. "நெய் நிறையக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் போதாது. தொடங்குமுன் கார்பாக்ஸிலேஸ், கொழுப்பு ஆக்சிஜனேற்றம், கார்னிட்டின் குறைபாடுகள் இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

12 கிலோ குழந்தைக்கு 900 கலோரி என்று வைத்துக்கொள்வோம். 4:1 என்றால் நான்கு கிராம் கொழுப்புக்குப் புரதமும் மாவும் சேர்ந்து ஒரு கிராம். இந்த ஐந்து கிராம் 40 கலோரி. 900ஐ 40ஆல் வகுத்தால் 22.5. ஆக நாளுக்குக் கொழுப்பு 90 கிராம், புரதமும் மாவும் 22.5. வளர்ச்சிக்குப் புரதம் 14 கிராம் ஒதுக்கினால் மாவுக்கு மிஞ்சுவது 8.5. நான்கு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளை இப்படி வரும்: முட்டை 25 கிராம், நெய் 20 கிராம், வெள்ளரி 50 கிராம். கொழுப்பு 22.5, புரதம் 3.5, மாவு 2. அவ்வளவுதான் சாப்பாடு. ஒரு கிராம் காட்டும் தராசு இல்லாமல் முடியாது. கரண்டி அளவெல்லாம் இங்கே எடுபடாது. கிண்ணத்தில் ஒட்டிய நெய்யையும் வழித்துக் கொடுக்க வேண்டும், அது தட்டிலேயே தங்கினால் விகிதம் 3:1க்கு இறங்கிவிடும்.

கெடுப்பது பெரும்பாலும் மருந்து. 5 மி.லி. சிரப்பில் 2 கிராம் சர்க்கரை இருந்தால் நாளுக்கு நான்கு வேளை காய்ச்சல் மருந்திலேயே 8 கிராம், ஒரு நாள் மாவு ஒதுக்கீடு முடிந்தது. மாத்திரையைப் பொடித்தோ ஆசனவாய் வழியோ கொடுக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் எனும் கீட்டோன் 3 முதல் 5 மி.மோல் வரை இருக்க வேண்டும். சிறுநீர்ப் பட்டை இந்த நோய்க்குப் போதாது. வைட்டமின், கால்சியம், செலினியம் தனியாகத் தர வேண்டும். சிறுநீரகக் கல் வராமல் தண்ணீரும், தேவைப்பட்டால் பொட்டாசியம் சிட்ரேட்டும்.

இந்த உணவு வலிப்பையும் லாக்டேட்டையும் குறைக்கும், சிலருக்கு நடை மேம்படும். கருவிலேயே உருவாகாமல் போன கார்ப்பஸ் கலோசத்தைத் திருப்பித் தராது. பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சின்னமருத்துவம்

நல்ல கணக்கு மேடம். ஒரு சேர்க்கை: பிடிஎச்ஏ1 மாற்றங்களில் சில தயமினைப் பிடிக்கும் இடத்தைத் தளர்த்துபவை, அவற்றுக்கு நாளுக்கு நூற்றுக்கணக்கான மி.கி. தயமின் உண்மையாகவே வேலை செய்யும். ஆகவே கீட்டோவோடு தயமினும் சில மாதம் முயன்று பார்ப்பது வழக்கம்.

எம்ஆர்ஐயில் மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், புட்டாமென் பகுதிகள் இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருந்தால் எஸ்எல்சி19ஏ3 நோயை நினையுங்கள். தயமினைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கடத்தி அது. லீ நோய் எனும் மூளைச் சிதைவு நோய் மாதிரியே இருக்கும், ஆனால் பயோட்டின் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., தயமின் கிலோவுக்கு 40 மி.கி. வரை கொடுத்தால் நாட்கணக்கில் தேறும். மரபணு முடிவுக்குக் காத்திருந்தால் மூளை போய்விடும். இவ்வளவு பயோட்டின் போகும்போது டிஎஸ்எச் போன்ற ஹார்மோன் சோதனைகள் பொய்யாக வரக்கூடும் என்று ஆய்வகச் சீட்டில் எழுதிவிடுங்கள்.

கலை_உயிர்வேதி

கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: தோல் மாதிரி எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமானால் எப்படி?

சோதனைக்குழாய்

3 மி.மீ. பஞ்ச், முன்கையின் உள்பக்கம் போதும். ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டு எடுங்கள்; அயோடின் பூசினால் செல் வளராது. கிருமி நீக்கிய வளர்ப்பு ஊடகத்தில் போட்டு மூடியை இறுக்கி, அறை வெப்பநிலையில் அனுப்பலாம், ஒன்றிரண்டு நாள் தாங்கும். ஊடகம் இல்லையென்றால் ஒரு நாளைக்குச் சலைன். பனிக்கட்டியில் புதைக்காதீர்கள், உறைந்தால் செத்துவிடும். பயாப்சி என்ற சொல்லைப் பார்த்ததும் வார்டில் யாராவது ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார்கள், ஆகவே ஊடகக் குழாயைக் கையோடு கொண்டுபோங்கள். செல் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அனுப்பும் சீட்டில் குழந்தை ஆணா பெண்ணா, எந்த மருந்தில் இருக்கிறது, தயமின் எப்போது தொடங்கியது என்று எழுதியிருக்க வேண்டும்.